நேசிக்கப்பட்டவர்களின் ஆராதனையா, நேசத்தைச் சம்பாதிக்கும் ஆராதனையா?

பிப்ரவரி 9, மதியம்

தேவன் நம்மை முந்தி நேசித்தார் என்று நாம் எல்லோரும் விசுவாசிக்கிறோம். 1 யோவான் 4:19 நமக்கு மனப்பாடம். ஆனால் ஆராதனை நேரத்தில் நாம் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் உரக்கத் துதியுங்கள், அப்போதுதான் கர்த்தர் இறங்குவார்." "கையை உயர்த்தாதவர்கள் இன்றைய ஆசீர்வாதத்தை இழப்பீர்கள்." இதை முதல்முறை கேட்கிற ஒருவர் என்ன நினைப்பார்? எங்கோ தூரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சத்தம் போட்டு நம் பக்கம் பார்க்க வைக்கிறோம் என்றுதானே?

1 இராஜாக்கள் 18-இல் அப்படி ஒரு ஆராதனை நடக்கிறது. பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் காலையிலிருந்து அந்திப்பலி நேரம் வரை கூப்பிடுகிறார்கள், குதிக்கிறார்கள், தங்களைக் கீறிக்கொள்கிறார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. கர்த்தருடைய தீர்க்கதரிசி எலியாவின் ஜெபம் மொத்தம் இரண்டே வசனம், பதில் வருகிறது.

என் கருத்து இதுதான்: நம் விசுவாச அறிக்கை தேவனுடைய அன்பிலிருந்து தொடங்குகிறது, நம் ஆராதனை மொழி பல நேரம் அந்த அன்பைச் சம்பாதிப்பதிலிருந்து தொடங்குகிறது. வாரத்துக்கு வாரம் வாயால் சொல்வதுதான் மனதில் தங்கும். கடைசியில் 'நான் யார்' என்ற கேள்விக்கு அதுதான் பதிலாகிவிடுகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.


பிப்ரவரி 9, இரவு

எதிர்பார்த்த வசனம் வந்துவிட்டது. சங்கீதம் 22:3. "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." ஆகவே துதித்தால்தான் அவர் வருவார், துதி குறைந்தால் பிரசன்னம் குறையும் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார்.

சகோதரரே, அந்தச் சங்கீதம் எப்படி ஆரம்பிக்கிறது? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" துதிக்க முடியாமல் கிடக்கிற ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த வசனம் அது. பிதாக்கள் நம்பினார்கள், நீர் விடுவித்தீர், நானோ ஒரு புழு என்று அடுத்த சில வசனங்களில் சொல்கிறான். துதி எதுவும் பொங்கி வராத நேரத்தில் அவன் பிடித்துக்கொள்கிற கயிறு அது. பிரசன்னத்தை வரவழைக்கும் முறையாக அதை எடுத்தால் சங்கீதத்தின் மீதியைக் கிழித்துப் போட வேண்டும்.

24-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அற்பமாய் எண்ணவில்லை, தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்கவும் இல்லை. கைவிடப்பட்டதாகக் கதறிய நேரத்திலும் முகம் திரும்பவில்லை. இயேசு சிலுவையில் இந்தச் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக் கூப்பிட்டார் என்று மாற்கு 15:34 சொல்கிறது. வாசமாயிருக்கிறவரே புலம்புகிறவராக வந்து நின்ற இடம் அது.


பிப்ரவரி 11

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றுகிறது. எது முதலில், எது பிறகு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார். வானத்திலிருந்து சத்தம்: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." மாற்கு இதை 1:11-இல் வைக்கிறார். அதற்கு முன்னால் அவர் புத்தகத்தில் இயேசு செய்த அற்புதம் ஒன்று இல்லை, பிரசங்கம் ஒன்று இல்லை, ஒரு நோயாளியைத் தொட்டதுகூட இல்லை. பிதாவின் பிரியம் முதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது. வேலை எல்லாம் அதற்குப் பிறகு.

உடனே வனாந்தரம். சோதனைக்காரன் முதலில் தொடுவது எதை? மத்தேயு 4:3: "நீர் தேவனுடைய குமாரனேயானால்." சற்று முன் பிதா சொன்ன அதே வார்த்தையில் ஒரு 'ஆனால்' ஒட்டிக்கொள்கிறது. நிரூபித்துக் காட்டு, கல்லை அப்பமாக்கு, உச்சியிலிருந்து குதி. இயேசு நிரூபிக்கவில்லை. வேத வசனத்தைச் சொல்லிவிட்டுப் பசியோடேயே இருந்தார். குமாரன் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்டாயிற்று, பிறகு எதற்கு நிரூபிப்பது?

நமக்குள் ஓடுகிற குரலும் பெரும்பாலும் அந்த இரண்டாவது குரல்தான். நீ உண்மையான விசுவாசியேயானால் இத்தனை மணிக்கு எழுந்திரு. நீ அபிஷேகம் பெற்றவளேயானால் அழாதே. பக்தியின் பாஷையில் வருவதால் அடையாளம் தெரிவதில்லை.

பழைய ஏற்பாட்டிலும் வரிசை இதே. யாத்திராகமம் 20-இல் கட்டளைகள் மூன்றாம் வசனத்தில்தான் ஆரம்பிக்கின்றன. இரண்டாம் வசனம், "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." கடலைக் கடந்து கரையேறியவர்களுக்குத்தான் கட்டளை. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் பத்துக் கற்பனைகளைக் கொடுத்து, இவற்றைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. ஏன் இவர்களைத் தெரிந்துகொண்டார் என்பதற்கும் உபாகமம் 7:7-8 பதில் வைத்திருக்கிறது. நீங்கள் திரளான ஜனம் என்பதால் அல்ல, நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள்; கர்த்தர் உங்களில் அன்புகூர்ந்ததினால்தான். அன்புகூர்ந்தார், ஏனென்றால் அன்புகூர்ந்தார். அதற்குப் பின்னால் வேறு காரணம் தேட இடமே இல்லை.


பிப்ரவரி 12

பேதுருவை விட்டுவிட்டேன். யோவான் 13-இல் இயேசு அவர் காலைக் கழுவ வரும்போது ஒருக்காலும் கழுவக் கூடாது என்கிறார். கழுவாவிட்டால் என்னோடு பங்கில்லை என்று இயேசு சொன்னதும், அப்படியானால் கை, தலை எல்லாவற்றையும் கழுவும் என்கிறார். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும். ஒன்று பூஜ்யம், இல்லாவிட்டால் நூறு!

ஆனால் அந்த முதல் மறுப்பில் இருப்பது தாழ்மை மட்டும்தானா? நான் உமக்குச் செய்கிறேன், நீர் எனக்குச் செய்ய வேண்டாம் என்பது கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆராதனைக்கு வருகிறவர் முதலில் தன் காலை நீட்ட வேண்டும். அது நம்மில் பலருக்குப் பாடுவதைவிடக் கடினம்.


பிப்ரவரி 16

என் அனுபவத்தைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் வெகுகாலம் ஆராதனையில் பாடல் நடத்தியவள். பதினாறு, பதினேழு வயதிலேயே மைக் கைக்கு வந்துவிட்டது. பாட ஆரம்பித்தால் ஜனங்கள் அழுவார்கள், முடிந்த பிறகு கையைப் பிடித்துக்கொள்வார்கள். கர்த்தர் என்னைப் பயன்படுத்துகிறார் என்ற நினைப்பு உண்மையான சந்தோஷத்தைத் தந்தது. அதை இன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு குரல்நாணில் பிரச்சினை வந்தது. முதலில் மேல் ஸ்தாயி போனது, அப்புறம் பேச்சே கரகரப்பாகிவிட்டது. பாடவே கூடாது, பேசுவதையும் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் மேடையிலிருந்து இறங்கி, பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது கிடைத்த ஆலோசனைகளில் ஒன்று, உன் குரலைச் சத்துரு பறித்திருக்கிறான், விசுவாசத்தோடு பாடு, திரும்ப வரும் என்பது. சொன்னவர் என்மேல் பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வீடு திரும்பிய நாட்களில் என் மனதில் ஓடியது வேறு: பாடாத என்னைக் கர்த்தருக்கு எதற்கு?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் எனக்கு நேரடியாகக் கற்பிக்கவில்லை. எல்லாப் பிரசங்கங்களும் கிருபையைத்தான் பேசின. ஆனால் நான் நடத்திய ஆராதனைகளில் நானே மைக்கில் சொன்ன வார்த்தைகள்தான் அந்தக் கேள்வியை எனக்குள் வைத்திருந்தன. மேலே 9-ஆம் தேதி எழுதியதை வேறு யாரையோ குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்வரிசையில் உட்கார்ந்த மாதங்களில் ஒன்று நடந்தது. சுற்றியிருப்பவர்கள் பாடுவதைக் கேட்டேன். அதுவரை நான் கேட்டதே இல்லை. மேடையில் எனக்கு முன்னால் இருந்த மானிட்டர் ஒலிபெருக்கியில் என் குரலும் கீபோர்டும்தான் கேட்கும். சுருதி சேராத பாட்டிகள், தாளம் தப்பும் குழந்தைகள், வாயை மட்டும் அசைக்கும் ஆண்கள். எனக்காகவும் அவர்கள் பாடுகிறார்கள் என்று ஒரு நாள் விளங்கியது. சபை என்பது அதற்காகவும்தான். என்னால் சொல்ல முடியாத ஆமெனை என் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்.

குரல் இப்போது பாதி திரும்பியிருக்கிறது. மேடைக்குத் திரும்பவில்லை.


பிப்ரவரி 20

ஒரு ஐயா கடுமையாகவே எழுதியிருக்கிறார். அன்பு அன்பு என்று சொல்லித் தேவனை மலிவாக்கிவிட்டீர்கள், பயபக்தி எங்கே, பரிசுத்தம் எங்கே, எபிரெயர் 12:29-ஐ வாசிக்கவில்லையா என்று கேட்கிறார். நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே.

ஐயாவின் கேள்வி நியாயமானது, தள்ளிவிட்டுப் போகக் கூடாது. அன்பு என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிள்ளை நெருப்பில் கையை வைக்கப் போகும்போது பேசாமல் இருப்பது அன்பாகாது. ஓசியா 11-ஐ வாசியுங்கள். நடக்கப் பழக்கினேன், கைபிடித்து நடத்தினேன், நான் குணமாக்கினதை அவர்கள் அறியவில்லை என்று தேவன் சொல்கிற அதிகாரம். எட்டாம் வசனத்தில் அவர் இருதயமே குழம்புகிறது. அங்கே கோபமும் இருக்கிறது. நேசிக்காதவருக்கு அந்தக் கோபம் வராது.

ஆனால் பயபக்தி எதிலிருந்து பிறக்கிறது? சங்கீதம் 130:4: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." நாமாக எழுதியிருந்தால் 'தண்டனை உண்டு' என்றுதான் எழுதியிருப்போம். மன்னிப்பிலிருந்து ஒரு பயம் வருகிறது. இவ்வளவு பெரியவர் இவ்வளவு அருகில் வந்தாரே என்று நா எழாமல் நிற்கிற பயம். லூக்கா 5-இல் பேதுரு, வலை கிழியும் அளவுக்கு மீன் வந்த பிறகுதான், நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும் என்று விழுகிறார். மிரட்டல் எதுவும் இல்லை. ஒரு படகு நிறைய தயவு, அவ்வளவுதான். ரோமர் 2:4-உம் இதைத்தான் சொல்கிறது: மனந்திரும்ப ஏவுவது தேவதயவு.

1 யோவான் 4:18 புறம்பே தள்ளுகிற பயம் வேறு. அது ஆக்கினையின் பயம். முதலாளி எப்போது வெளியே அனுப்புவாரோ என்ற பயம். எபிரெயர் 12-இல் அக்கினி என்ற வசனத்துக்கு முந்தின வசனம் என்ன சொல்கிறது? அசைவில்லாத ராஜ்யத்தைப் பெறுகிறவர்களாதலால் பயத்தோடும் பக்தியோடும் ஆராதனை செய்யக்கடவோம் என்கிறது. பெற்றுக்கொள்வது அங்கேயும் முதலில்.

இதைச் சபை வரலாற்றில் சிலர் மிகத் தெளிவாகப் பார்த்தார்கள். 1518-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்த விவாதத்தில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வைத்த 28-ஆம் கருத்து: மனித அன்பு தனக்குப் பிடித்ததைக் கண்டு அதன் மேல் பிறக்கிறது, தேவனுடைய அன்போ தனக்குப் பிரியமானதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, உண்டாக்குகிறது. அதே ஊரின் பெயரால் 1563-இல் வந்த ஹைடல்பெர்க் வினாவிடை (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல்) மூன்று பகுதிகளாக இருக்கிறது. மனிதனின் துயரம், விடுதலை, நன்றியறிதல். பத்துக் கட்டளைகளின் விளக்கமும் ஜெபத்தின் விளக்கமும் எந்தப் பகுதியில் வருகின்றன தெரியுமா? நன்றியறிதலில். கீழ்ப்படிதலை அவர்கள் விட்டுவிடவில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வைத்தார்கள்.


பிப்ரவரி 21

நேற்றையதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே வினாவிடை முதல் பகுதியிலும் கட்டளையைத் தொடுகிறது. என் துயரத்தை நான் எதனால் அறிகிறேன் என்ற கேள்விக்கு, தேவனுடைய பிரமாணத்தால் என்பது பதில். ஆகவே பாவ உணர்வு ஆராதனையில் இருக்கவே வேண்டும். எனக்கு அதில் சந்தேகமில்லை. பாவ அறிக்கையை எடுத்துவிட்டு வெறும் மகிழ்ச்சிப் பாடல்களால் நிரப்பிய ஆராதனையில் நான் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறேன். அறிக்கை செய்ய இடமே கொடுக்காத அன்பு எப்படிப்பட்ட அன்பு?


பிப்ரவரி 27

இதை எழுதலாமா என்று சில நாள் யோசித்தேன்.

என் அம்மாவுக்கு மறதி நோய். முதலில் சாவி, அடுப்பு. அப்புறம் பெயர்கள். இப்போது நான் யார் என்பது தெரியவில்லை. சில நாள் என்னை அவரது அக்கா என்று நினைக்கிறார், சில நாள் பணிவிடை செய்ய வந்த பெண் என்று நினைத்து மிகுந்த மரியாதையோடு பேசுகிறார். வாழ்நாள் முழுவதும் விடியற்காலையில் எழுந்து ஜெபித்தவர். இப்போது ஜெபம் பாதியில் நின்றுவிடுகிறது. கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடையாளம் என்பது நான் விசுவாசிப்பது, நான் அறிக்கையிடுவது, நான் நினைவில் வைத்திருப்பது என்றால், என் அம்மா இப்போது யார்? இந்தக் கேள்வியோடு வேதத்தை வாசித்தபோது ஏசாயா 49:15 எனக்கு முன்பு தெரிந்த வசனமாகவே இல்லை. "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ?" நடக்காத காரியத்துக்கு உதாரணம் என்றுதான் இதை எப்போதும் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரி, "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." அவர்கள் மறந்தாலும்! தாய் பிள்ளையை மறக்கக்கூடும் என்று தெரிந்தே அந்த வசனம் எழுதப்பட்டிருக்கிறது. என் வீட்டில் அது நடக்கிறது. மறக்கிறவரும் மறக்கப்பட்டவளும், இரண்டு பேரும் அந்த ஒரே வசனத்துக்குள் நிற்கிறோம். அதற்கு அடுத்த வசனத்தில் அவருடைய உள்ளங்கைகளில் வரையப்பட்டிருப்பதாகச் சொல்கிறாரே, அது அவர் கை. எங்கள் நினைவில் வரையப்பட்டது எதுவும் அந்த வசனத்தில் இல்லை.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1944-இல் சிறையில் இருந்தபோது, நான் யார் என்று கேட்கும் ஒரு கவிதை எழுதினார். மற்றவர்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள், உள்ளே நான் கூண்டுப் பறவையைப்போல் தவிக்கிறேன், இரண்டில் எது நான் என்று கேட்டுக்கொண்டே போகிறார். பதில் கண்டுபிடித்து முடிக்கவில்லை. நான் யாராக இருந்தாலும் நீர் என்னை அறிவீர், நான் உம்முடையவன் என்று முடிக்கிறார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். தன்னைத் தானே அறிந்துகொள்ள முடியாத இடத்திலும் அறியப்பட்டவராக இருந்தார். என் அம்மாவுக்கும் அதுவே போதும் என்று விசுவாசிக்கிறேன்.

ஞாயிறுதோறும் அவரை ஆராதனைக்கு அழைத்துப் போகிறோம். திருவிருந்து அப்பத்தைக் கையில் வைத்தால் வாங்கிக்கொள்கிறார். இவருக்குப் புரிகிறதா, கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். புரிந்துதான் நாம் எல்லோரும் வாங்குகிறோமா?


மார்ச் 2

ஆறுதல் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பேச்சை வேறு பக்கம் திருப்புகிறேன்.

அன்பிலிருந்து தொடங்குகிற ஆராதனை என்றால் நானும் தேவனும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெகிழ்ந்துபோவது என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. ஆதிச் சபையைப் பாருங்கள். கி.பி. 112 வாக்கில் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு டிராஜன் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள். திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், வாக்கு மாற மாட்டோம், நம்பி ஒப்படைத்ததைக் கேட்கும்போது மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். விசாரணை நடத்திய அதிகாரியின் வாக்குமூலம் இது. பாட்டும் நேர்மையும் ஒரே மூச்சில் வருகின்றன.

அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து, சுமார் 155-இல், ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி ரோமில் ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். நடத்துகிறவர் பேசுவார். எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியர்களுக்கும் போகும். வராதவருக்கும் பங்கு உண்டு என்ற ஒரு வரிக்காகவே அந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வந்து துதித்தவருக்கு மட்டும் என்று அவர்கள் வைக்கவில்லை.

ஆமோஸ் 5:23-இல் கர்த்தர், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்கிறார். பாட்டில் குறை இல்லை. ஏழையை வாசலில் நசுக்கிவிட்டு உள்ளே வந்து பாடியதுதான் காரணம். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறித்திருந்தான், அதைக் கர்த்தருடைய பந்தி என்று சொல்லவே பவுல் மறுக்கிறார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்து, யூதர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக எதிர்த்து நின்றது அதற்காக. பிறப்பைப் பார்த்துப் பந்தியைப் பிரித்தால் கிருபையால் நீதிமானாவது என்ற உபதேசமே அங்கே உடைந்துபோகிறது. கலாத்தியர் 2-இல் அந்தச் சண்டைதான் முதலில் வருகிறது, நீதிமானாக்கப்படுவதைப் பற்றிய பேச்சு அதிலிருந்து கிளம்புகிறது. யார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பதில் நம் உண்மையான அடையாளம் தெரிந்துவிடும்.


மார்ச் 4

ஒருவரோடு மனஸ்தாபம் இருக்கும்போது காணிக்கை செலுத்தலாமா என்ற கேள்விக்கு மத்தேயு 5:23-24 போதும். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ. ஆராதனையை நடுவில் நிறுத்த அனுமதி கொடுத்திருக்கிறார்.


மார்ச் 10

"எனக்கு எதுவும் உணர்வாக வரவில்லை, அக்கா. எல்லோரும் அழுகிறார்கள், நான் மரம்போல நிற்கிறேன். என்னை அவர் நேசிக்கவில்லையோ?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி, சிநேகிதரும் இல்லை, அறிமுகமானவர்களும் இல்லை என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. இதையும் ஆலயத்தில் பாடச் சொல்லிக் ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரர் பேரில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உணர்வு வராதவருக்கும் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு.

1 யோவான் 4:10, அன்பு உண்டாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. குமாரனை அனுப்பியதைக் காட்டுகிறது. ரோமர் 5:8-உம் அதே இடத்தைத்தான் காட்டுகிறது. கிறிஸ்து நமக்காக மரித்தது, நாம் பாவிகளாயிருக்கையில் நடந்து முடிந்த ஒன்று. உங்களுக்குள் இன்று எதுவும் அசையாவிட்டாலும் அது நடக்காமல் போய்விடாது. லூத்தர் தன் பெரிய வினாவிடையில் (1529) மனச்சாட்சி குத்தும்போது 'ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றவன்' என்று சொல்லச் சொல்கிறார். 'எனக்குள் நெருப்பு எரிகிறது' என்று சொல்லச் சொல்லவில்லை.

அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டால் நில்லுங்கள். கால் வலித்தால் உட்காருங்கள்.


மார்ச் 16

லூக்கா 15-ஐ, வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்துத் திரும்பி வரும் இளைய குமாரனின் உவமையை, யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். கொண்டுவந்துவிட்டார்கள். இளைய குமாரனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நான் பேச்சுகளை மட்டும் பார்க்கிறேன்.

இளையவன் புறப்படுமுன்பே மூன்று வரி தயார் செய்கிறான். பாவஞ்செய்தேன், குமாரன் என்னப்பட நான் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். எதிரே ஓடி வந்த தகப்பனிடம் முதல் இரண்டு வரிகளைச் சொல்கிறான் (வசனம் 21). மூன்றாவது வரி வரவில்லை. தகப்பன் அதற்குள் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பாவ அறிக்கையைத் தகப்பன் முழுதாகக் கேட்டார், கூலி ஒப்பந்தத்தைத்தான் கேட்கவில்லை. பிப்ரவரி 21-ஆம் தேதி பாவ அறிக்கையைப் பற்றி எழுதியதற்கும் இது பொருந்தும்.

மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். கீதவாத்தியம் கேட்கிறது. உள்ளே போகவில்லை. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று ஆரம்பிக்கிறான். இளையவன் சொல்லாமல் விட்ட கூலிக்காரன் பேச்சை, வீட்டைவிட்டுப் போகாதவன் சொல்கிறான்! இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் கூலிக்காரனாக வாழ்ந்திருக்கிறான். தகப்பன் அவனிடமும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார், "மகனே" என்றே கூப்பிடுகிறார், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார்.

ஊழியத்தில் இருப்பவர்கள் இந்த மூத்தவனிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வெளிப்படுத்தல் 2-இல் எபேசு சபைக்கும் இதே நிலைதான். கிரியை உண்டு, பிரயாசம் உண்டு, பொறுமை உண்டு, போலி அப்போஸ்தலரைக் கண்டுபிடிக்கும் கூர்மையும் உண்டு. ஆதியில் கொண்டிருந்த அன்பைத்தான் காணோம்.

மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயர் முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம்.


மார்ச் 23

10-ஆம் தேதி கேட்ட அதே தம்பி இப்போது வேறு கேட்கிறார். அடுத்த ஞாயிறு இளைஞர் ஆராதனையில் அவர்தான் பாடல் நடத்த வேண்டுமாம். இதையெல்லாம் வாசித்த பிறகு மைக்கில் என்ன சொல்வது என்றே தெரியவில்லை என்கிறார்.

தம்பி, குறைவாகச் சொல்லுங்கள். முதலில் வேதத்தை வாசியுங்கள், சங்கீதம் 103:8-14 நன்றாக இருக்கும். நாம் மண்ணென்று அவர் நினைவுகூருகிறார் என்ற வரியோடு நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிக்கலாம். முதல் பாடல் அவர் செய்ததைச் சொல்வதாக இருக்கட்டும். நான் துதிப்பேன், நான் உயர்த்துவேன் என்கிற பாடல்களைப் பிறகு எடுங்கள். பாவ அறிக்கைக்கு ஒரு நிமிடமாவது சத்தமில்லாமல் விடுங்கள், கீபோர்டும் வேண்டாம். அறிக்கை முடிந்ததும் மன்னிப்பின் வசனத்தைத் தெளிவாக, நிதானமாக வாசியுங்கள். அதை அவசரமாக வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்கு ஓடுகிறார்கள், ஓடாதீர்கள். கையை உயர்த்தாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நிற்க முடியாதவர்கள் உட்காரலாம், பாட முடியாதவர்கள் கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பாடல்களின் ஸ்தாயியை ஒரு படி இறக்கி வையுங்கள், எல்லோருக்கும் எட்ட வேண்டும்.